கண்றாவியாக ஆடி ஜெயித்த மேட்ச்

போன வாரம், டென்னிஸ் சொல்லிக்கொடுக்கும் உங்களில் ஒருவர் என்னைப் பார்க்க வந்திருந்தார். பெயரைச் சொல்லமாட்டேன், சொன்னால் அடுத்த முறை வாசல் பக்கமே வரமாட்டார். அவர் பயிற்சி கொடுக்கும் பெண் முதல் சுற்றிலேயே தோற்றுவிட்டாளாம். ஏன் என்று கேட்டேன். "அன்னைக்கு அவளுக்கு ஃபார்ம் இல்ல சார்" என்றார், ஏதோ ரேஷன் கடையில் சர்க்கரை இல்லை என்பதுபோல.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. ஃபார்ம் இருக்கிற நாளில் யார்தான் ஜெயிக்கமாட்டார்கள்? அன்றைக்குப் பந்தே போய்த் தானாக விழும். நீங்களும் நானும் சம்பளம் வாங்குவது மற்ற நாட்களுக்காக. வந்தவர் காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். பாவம், அவரிடம் கொஞ்சம் பொறுமையாகச் சொல்லியிருக்கலாம். அதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

நான் ஆடியதிலேயே படுமோசமான மேட்ச் ஒன்று உண்டு. அதில் நான் ஜெயித்தேன். தோற்றிருந்தால் இன்று உங்களுக்கு உபதேசம் செய்துகொண்டிருக்க மாட்டேன். ஹார்பரில் ஏதாவது ஒரு கிடங்குக்குக் காவல் இருந்து, அங்கேயே ரிட்டையர் ஆகியிருப்பேன்.

உங்களைக் கோச் என்கிறார்கள். தொப்பி, விசில், கழுத்தில் ஒரு அட்டை. எங்களை மார்க்கர் என்பார்கள். கிளப்பில் சம்பளத்துக்கு இருந்துகொண்டு மெம்பர்களோடு டென்னிஸ் ஆடுகிறவன் மார்க்கர். ஆடுகிறவன் என்றா சொன்னேன்? ஆட வைக்கிறவன். எங்கள் கிளப்பில் ஒரு ஜட்ஜ் இருந்தார். அவருக்குப் பந்து வலது பக்கம், இடுப்பு உயரத்தில், அவசரமில்லாமல் வர வேண்டும். ஒரு டாக்டருக்கு வலையருகே தலைக்கு மேலே வர வேண்டும், ஓங்கி அடிப்பதற்கு. யாருக்கு எந்தப் பந்து பிடிக்கும் என்பது முதல் பத்து நிமிஷத்தில் மார்க்கருக்குத் தெரிந்துவிட வேண்டும். மெம்பரை ஜெயித்துவிடவும் கூடாது, விட்டுக்கொடுத்தது அவருக்குத் தெரியவும் கூடாது. நாலு-ஆறு என்று தோற்பது ஒரு தனி வித்தை. மனிதர் முகத்தில் களையோடு வீட்டுக்குப் போக வேண்டும். மறுநாள் காலை ஆறு மணிக்குத் திரும்பி வர வேண்டும். இதையே வருஷக்கணக்கில் செய்தால், புத்தி சொல்லாமலே கை பந்தைக் கொண்டுபோய் அந்த இடத்தில் வைக்கும். இந்தக் கைப்பழக்கத்தைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

யுத்த காலம் அது. சீமையிலிருந்து பந்து வருவது அநேகமாக நின்றுபோயிருந்தது. ரோமமெல்லாம் உதிர்ந்த மொட்டைப் பந்தைக் கழுவி, வெயிலில் காயவைத்து, பிரஷ்ஷால் தேய்த்து மறுபடி ஆடிக்கொண்டிருந்தோம். அடையாற்றில் எங்கள் கிளப்பில் அதுவரை இரண்டு மார்க்கர்கள். பெரிய மார்க்கர் பெங்களூரில் ஒரு கிளப்புக்குப் போய்விட்டார். இருக்கிற பந்துக்கு ஒரு மார்க்கர் போதும் என்று கமிட்டி முடிவுசெய்தது. நான் சின்ன மார்க்கர். ஆகையால் அந்த ஒருவன் நான்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கிளப்புக்குப் பின்னால், வேலியோரமாக, ஓடு போட்ட ஒற்றை அறை ஒன்று இருந்தது. மார்க்கருக்கு என்று கொடுத்தது. நானும் என் மனைவி பிலோமியும் அதில்தான் இருந்தோம். அதற்கு முன்னால் சாந்தோமில் அண்ணன் வீட்டுக் கூடத்தில், ஒரு புடவையைத் திரையாகக் கட்டிக் குடித்தனம் நடத்தினோம். அங்கே அண்ணனுக்கே ஐந்து பிள்ளைகள். பிலோமிக்கு அப்போது ஏழு மாதம். அந்த அறை போனால் மறுபடி அந்தப் புடவைத் திரைக்குப் பின்னால்தான் பிரசவம்.

கிளப் செகரட்டரி மயிலாப்பூர் வக்கீல். நல்ல மனிதர், ஆனால் எதையும் கோர்ட் தீர்ப்பு மாதிரிதான் சொல்வார். ஒருநாள் கூப்பிட்டு அனுப்பினார்.

"சூசை, உன்னைப் போகச் சொல்ல நேக்கு மனசு வரலை. ஆனா தேனாம்பேட்டையிலேர்ந்து வேலுன்னு ஒருத்தன் அப்ளிகேஷன் போட்டிருக்கான். பிரமாதமா ஆடறானாம். கமிட்டில பாதிப் பேர் அவனைத்தான் போடணும்கறா. அடுத்த ஞாயித்துக்கிழமைக்கு மறு ஞாயிறு ரெண்டு பேரும் ஒரு மேட்ச் ஆடிடுங்கோ. ஜெயிக்கறவனுக்கு வேலை, ரூம் ரெண்டும்."

"தோக்கறவனுக்கு சார்?"

"மாசக் கடைசி வரைக்கும் டயம் தரேன்."

வேலுவை எனக்குத் தெரியும். என் வயதுதான். தேனாம்பேட்டையில் ஒரு கிளப்பில் இரண்டாவது மார்க்கர். அங்கே அவனுக்கு அறை கிடையாது, மாமனார் வீட்டில் இருந்தான். அவன் வலது பக்கம் அடிக்கும் அடியைப் பார்க்க ட்ராமை விட்டு இறங்கி நிற்பார்கள் என்று சொல்வதுண்டு. அது கொஞ்சம் மிகைதான். ஆனால் நானே ஒருமுறை சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்த்திருக்கிறேன்.

கையில் இரண்டு வாரம் இருந்தது. அதில் நான் செய்த காரியத்தைச் சொல்ல இப்போதும் வெட்கமாக இருக்கிறது. வேலு மாதிரி அடிக்கக் கற்றுக்கொள்ளப் பார்த்தேன்! மத்தியான வெயிலில், மெம்பர்கள் யாரும் இல்லாத நேரத்தில், ஏழுமலையைப் பந்து போடச் சொல்லி ஓங்கி ஓங்கி அடித்தேன். ஏழுமலை நொச்சிக்குப்பத்து ஆள். கோர்ட்டுக்குத் தண்ணீர் தெளிப்பது, உருளை இழுப்பது, சுண்ணாம்புக் கோடு போடுவது எல்லாம் அவன்தான். பத்துப் பந்தில் நாலு உள்ளே விழுந்தது. அந்த நாலைப் பார்த்து நான் பூரித்துப் போனேன். வேலிக்கு வெளியே போன ஆறைப் பொறுக்கிக்கொண்டு வந்தவன் ஏழுமலை.

"இன்னாத்துக்கு உனுக்கு இந்த வேலை?" என்று ஒருநாள் கேட்டான். உருளை இழுக்கிறவனுக்கு டென்னிஸைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்தேன். ஆம், அவ்வளவு திமிர் எனக்கு.

சனிக்கிழமை சாயங்காலம் அறைக்குள் நுழைந்தால், பிலோமி பாத்திரம் பண்டமெல்லாம் ஒரு கோணிச் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். சமைக்க ஒரு சட்டியும் சாப்பிட இரண்டு தட்டும்தான் வெளியே இருந்தன. எனக்கு மனசு ஒடிந்துவிட்டது.

"நான் தோத்துடுவேன்னே முடிவு பண்ணிட்டியா?"

"ஜெயிச்சா அவுத்துக்கலாம்" என்றாள். "தோத்துட்டா, உங்க மூஞ்ச பாத்துக்கினு என்னால கட்ட முடியாது."

ஞாயிற்றுக்கிழமை காலையில் மழை. மத்தியானம் விட்டது. கோர்ட்டை ஏழுமலை உருட்டி உருட்டி நாலு மணிக்கு ஒருவழியாகத் தயார் செய்தான். அப்போதெல்லாம் மட்டையில் ஆட்டுக் குடல் நரம்புதான். கொஞ்சம் ஈரக்காற்று பட்டால் போதும், தொய்ந்துவிடும். என் மட்டை அன்றைக்குச் சல்லடை மாதிரி இருந்தது. மெம்பர்கள் குடும்பத்தோடு வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். செகரட்டரியே உயர நாற்காலியில் ஏறி அம்பயராக உட்கார்ந்துகொண்டார்.

முதல் செட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். நான் ஓங்கி அடித்தேன். பந்து வேலிக்குப் போனது. மறுபடி ஓங்கி அடித்தேன், வலைக்குப் போனது. நடுவில் கொஞ்சம் பயந்து மெதுவாகத் திருப்பினால், கைப்பழக்கம் அதை எங்கே கொண்டுபோய் வைத்தது தெரியுமா? வேலுவின் வலது பக்கம், இடுப்பு உயரத்தில், அவசரமில்லாமல். ஜட்ஜுக்குப் போடுகிற அதே பந்து! வேலு அதைச் சாப்பிட்டான். ஒரு மார்க்கரைத் தவிர வேறு எந்த ஆட்டக்காரனும் இந்தத் தப்பைச் செய்யமாட்டான். ஒன்று-ஆறு. கால் மணி நேரம் ஆகியிருக்கும், அவ்வளவுதான். ஜட்ஜின் பேத்தி கைதட்டினாள், வேலுவுக்கு.

பெஞ்சில் வந்து உட்கார்ந்தேன். வேலிக்குப் பின்னால் அறைக் கதவு சாத்தியிருந்தது. பிலோமி மேட்ச் பார்க்க வரவில்லை. உள்ளே ஜெபமாலை சொல்லிக்கொண்டிருப்பாள் என்று தெரியும். அந்தச் சாக்கு மூட்டையை எப்படிச் சைக்கிளில் வைத்துக் கட்டுவது என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். பொய் சொல்லவில்லை, மேட்ச் நடுவில் அதைத்தான் யோசித்தேன்.

அழிந்த கோட்டைச் சரிசெய்யச் சுண்ணாம்பு வாளியோடு ஏழுமலை வந்தான். என் பெஞ்சுப் பக்கத்தில் குனிந்து கோடு போட்டுக்கொண்டே, தலையைத் தூக்காமல் பேசினான்.

"இன்னா சூசை, மெம்பர் மாரி ஆடிக்கினு கீற?"

"நரம்பு தொளதொளன்னு கீது. கையே வரல ஏழுமல."

"கை வராத நாள்லல்லாம் ஜட்ஜையாவுக்கு லீவு சொல்லிட்டியா இன்னா? போன மாசம் ஜொரத்தோட வந்து ஒரு மணி நேரம் ஆடினியே, ஒரு பந்து வெளிய போச்சா? அந்த வேலைய பாரு. இது வாணாம் உனுக்கு."

சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அவன் சொன்னது அத்தனையும் நிஜம். மெம்பர்கள் இருக்கிறார்களே, யாரோ சாம்பியன் அடித்த அடியைப் பார்த்துவிட்டு வந்து அதையே அடிக்கப் பார்ப்பார்கள். பத்தில் ஒன்று விழும். அந்த ஒன்றை ராத்திரி சாப்பாட்டின்போது வீட்டில் சொல்வார்கள். மார்க்கருக்கு அந்தச் சொகுசு கிடையாது. தலைவலி, ஜுரம், வீட்டில் சண்டை, மட்டை சரியில்லை, எதுவானாலும் ஆறு மணிக்குப் பந்து வலையைத் தாண்டிப் போய்த்தான் ஆக வேண்டும். பத்து வருஷமாக நான் மோசமான நாட்களிலேயே வேலை பார்த்துப் பழகியவன். இரண்டே வாரத்தில் அதை மறந்துபோயிருந்தேன்.

இரண்டாவது செட்டில் எழுந்துபோய், முதல் காரியமாக வேலுவைப் பார்த்தேன். அதுவரை நான் அவனைப் பார்க்கவே இல்லை; என் அடியை நானே பார்த்துக்கொண்டிருந்தேன். புது மெம்பர் வந்தால் எப்படிப் பார்ப்பேனோ அப்படிப் பார்த்தேன். இவருக்கு எந்தப் பந்து பிடிக்கும்? வலது பக்கம், இடுப்பு உயரம். எது பிடிக்கவில்லை? இடது பக்கம், தோளுக்கு மேலே எழும்பி வருவது. அது வந்தால் வேலு ஒரு எட்டுப் பின்னால் வைத்து, மூஞ்சியைச் சுளித்துக்கொண்டு வெட்டிவிடுவான். ஒருவனுக்குப் பிடித்ததைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவனுக்குப் பிடிக்காததைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

அதற்குப் பிறகு நான் ஆடியதை டென்னிஸ் என்று சொன்னால் பாவம். உயரமாக, மெதுவாக, இடது பக்கம். மறுபடி உயரமாக, மெதுவாக, இடது பக்கம். கை நழுவி வலது பக்கம் போகப் பார்க்கும்; இழுத்துப் பிடித்தேன். முதல் சர்வீஸ் ஒன்றுகூட உள்ளே விழவில்லை, அதனால் அதையும் விட்டுவிட்டு, மெதுவாகப் போடும் இரண்டாவது சர்வீஸையே இரண்டு தடவையும் போட்டேன். பந்து மட்டையின் நடுவில் படவே இல்லை. சில சமயம் விளிம்புக் கட்டையில் பட்டுத் தாண்டியது. வேலு அற்புதமாக நாலு அடி அடிப்பான். ஐந்தாவது வெளியே போகும். என்னிடம் அற்புதமே கிடையாது, வெளியேயும் போகவில்லை. ஏழு-ஐந்து, செட் எனக்கு.

மூன்றாவது செட்டில், பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் எழுந்து காபி குடிக்கப் போய்விட்டார்கள். டாக்டர் நாற்காலியிலேயே கண்ணயர்ந்துவிட்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

ஐந்து-மூன்று என்று முன்னால் வந்தேன். இன்னும் ஒரே ஒரு கேம். அப்போது பாருங்கள், மனுஷ புத்தி! வலையருகே ஒரு சுலபமான பந்து வந்தது. இரண்டு வாரப் பயிற்சி ஞாபகம் வந்துவிட்டது. எல்லாரும் பார்க்க ஒரே ஒரு அடி நன்றாக அடித்தால் என்ன? ஓங்கினேன். பந்து வேலியைத் தாண்டி எங்கள் அறை ஓட்டில் போய் விழுந்தது. அடுத்ததும் அப்படியே. அந்த கேம் போய்விட்டது. ஏழுமலையைப் பார்த்தேன், அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். உள்ளே ஓட்டுச் சத்தம் கேட்டுப் பிலோமி என்ன நினைத்திருப்பாளோ என்று இருந்தது.

ஐந்து-நாலு. சர்வீஸ் என்னுடையது. பழையபடி உயரமாக, மெதுவாக, இடது பக்கம். எப்படியோ மேட்ச் பாயிண்ட் வந்தது. அந்த ஒரு பாயிண்ட்டில் பந்து எத்தனை தடவை போய் வந்தது என்று தெரியாது. காபி குடிக்கப் போனவர்கள் டம்ளரோடு திரும்பி வந்து நின்றார்கள். வேலுவுக்கு மூச்சு வாங்கியது. எனக்குக் கண்ணில் வியர்வை வழிந்தது. அப்போது வேலுவிடமிருந்து ஒரு பந்து வந்தது. என் வலது பக்கம், இடுப்பு உயரத்தில், அவசரமில்லாமல்.

எனக்கு அந்தப் பந்தைத் தெரியும். வாழ்நாளெல்லாம் நான் போட்ட பந்து அது. களைத்துப்போன வேலுவின் கை, தேனாம்பேட்டையில் தினமும் யாரோ ஒரு மெம்பருக்குப் போடுவதை எனக்குப் போட்டுவிட்டது. அவனுக்கும் அது புரிந்துவிட்டது, அப்படியே நின்றுவிட்டான்.

அதையாவது நன்றாக அடித்தேனா? இல்லை. பந்து மட்டையின் கட்டையில் பட்டு, எங்கேயோ பார்த்துக் கிளம்பி, வலையின் மேல்நாடாவில் உட்கார்ந்து, யோசித்து, அந்தப் பக்கம் விழுந்து செத்தது.

செகரட்டரி உயர நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்தார். "முடிஞ்சுடுத்தா?" என்று தனக்குள் கேட்டுக்கொண்டு, பிறகு ஸ்கோரைச் சொன்னார். கீழே இறங்கி வந்து என்னிடம், "நன்னா ஆடினது அவன்டா சூசை. ஆனா நமக்கு வேண்டியது பந்தைத் திருப்பிப் போடறவன்தானே? நீயே இரு" என்றார்.

சந்தோஷம் என்று அதைச் சொல்லமாட்டேன். வலைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டு வாரமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஒன்று இறங்கிப் போனது தெரிந்தது. அப்பாடா என்ற ஒரு வார்த்தை தமிழில் இருக்கிறதே, அன்றைக்குத்தான் அதற்கு எனக்கு அர்த்தம் புரிந்தது.

வேலு வந்து தோளில் கை போட்டான். "இன்னா ஆட்டம்பா அது? என் ஜென்மத்துல இவ்ளோ மோசமா ஒருத்தன் ஆடி பாத்ததில்ல."

"அந்தக் கடைசிப் பந்து?"

"கை கழுதை. ஆறு மணி மெம்பர் நெனப்புல போட்டுச்சு" என்று தலையில் அடித்துக்கொண்டு சிரித்தான். அவனைக் காபி சாப்பிட அறைக்கு அழைத்துப் போனேன்.

பிலோமி கதவைத் திறந்தாள். என் முகத்தைப் பார்த்தாள், பின்னால் நின்ற வேலுவைப் பார்த்தாள். ஒன்றும் புரியவில்லை அவளுக்கு. "காபி போடு. இங்கதான் இருக்கோம்" என்றேன். அப்படியே சுவரில் சாய்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்ச் சாக்கைப் பிரித்தாள். டம்ளர்கள் அடியில் கிடந்தன. அதற்காக இட்லிப் பானை, அரிவாள்மணை, தோசைக்கல், அஞ்சறைப் பெட்டி எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்து சுவரோரம் உட்கார்ந்தன. வெல்லம் போட்ட காபி கொதிப்பதற்குள் அறை பழையபடி வீடாகிவிட்டது.

வேலு அந்தக் காலிச் சாக்கையே பார்த்துக்கொண்டிருந்தான். காபியைக் குடித்து முடித்துவிட்டு, "எங்க ஊட்டுக்காரியும் ஒண்ணு கட்டி வச்சிக்கீறா, இங்க வர்றதுக்கு" என்றான். "நான் போய் அவுக்க சொல்லணும்."

அவன் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆனால் நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். தீர்ப்பு சரிதான், நான் திருடவில்லை, எல்லாம் தெரியும். இருந்தாலும் வேலி வரைக்கும் கூடப் போய், அவன் சைக்கிள் அடையாற்றுப் பாலத்துப் பக்கம் திரும்பும்வரை நின்றேன். அந்த அறையில்தான் எங்கள் மூத்த மகள் பிறந்தாள். அவளைத் தூக்கும்போதெல்லாம் வேலுவின் மூட்டை ஒருமுறையாவது ஞாபகத்துக்கு வந்துவிடும்.

அடுத்த வருஷம் மாம்பலத்தில் ஒரு கிளப்பில் மார்க்கர் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். அங்கேயும் மேட்ச் வைத்தே எடுத்தார்கள், இரண்டு அறை வீட்டோடு. வேலு போயிருக்கிறான் என்று கேள்விப்பட்டேன். அன்றைக்குச் சாயங்காலம் மெம்பர்களோடு ஆடும்போது எனக்கு ஒரு பந்தும் கண்ணில் தெரியவில்லை. மறுநாள் காலையில், கோர்ட்டுக்குத் தண்ணீர் தெளிக்கும் நேரத்தில், சைக்கிளைப் போட்டுவிட்டு வேலு வேலியைத் தாண்டி ஓடி வந்தான்.

"இன்னா ஆச்சு?" என்று கத்தினேன்.

"மூட்டைய அவுத்தாச்சு! மாம்பலத்துல அவுத்தாச்சு!"

ஏழுமலை உருளையை விட்டுவிட்டு வந்தான். பிலோமி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஒரு வருஷத்து அப்பாடா அது. கொஞ்சம் சுதாரித்துக்கொண்டு, தொழில் பேச்சாக, "நல்லா ஆடினியா?" என்று கேட்டேன்.

வேலு மூச்சு வாங்கிக்கொண்டே என் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினான்.

"எங்கடா? கையே வரல. உன்ன மாரிதான் ஆடினேன். கண்றாவி!"